உங்களுக்குத் தெரியுமா? மரபணுவைத் திருத்துகிறார்கள், யாரைக் கேட்டு?

நிறத்தைச் சொன்ன மீன்

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன் அது. உடம்பு நெடுக நீலக் கோடு. வங்காளம், பீகார் பக்கத்து ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் துள்ளும். ஸீப்ரா மீன் என்று அழகு மீன் கடைகளில் கண்ணாடித் தொட்டியில் வைத்து விற்பார்கள். சென்னை நொச்சிக்குப்பம் லூப் ரோடு மார்க்கெட்டில் சங்கராவும் வஞ்சிரமும் கவளையும் கிடக்கும் தட்டுகளுக்கு நடுவில் இதற்கு இடமில்லை. குழம்புக்கும் ஆகாது, வறுவலுக்கும் ஆகாது. ஆனால் மனிதரில் சிலர் கறுப்பாகவும் சிலர் வெளுப்பாகவும் இருப்பது ஏன் என்ற கேள்விக்கு முக்கியமான விடையொன்று இந்த மீனிடமிருந்துதான் கிடைத்தது.

இந்த இனத்தில் வெளிறிப்போன பொன்னிற மீன்களும் உண்டு. அவை ஏன் வெளிறின என்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீத் செங் குழுவினர் தேடிப்போய் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். 2005-ல் அதை வெளியிட்டார்கள். அதே மரபணு நம்மிடமும் இருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் தோலின் கருமை குறைகிறது. ஐரோப்பியர்களில் ஏறத்தாழ எல்லோரிடமும் அந்த மாற்றம் உண்டு. தென்னிந்தியர் பலரிடமும் அது கலந்து கிடக்கிறது என்று ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள்.

ஓர் எழுத்துதானே, மாற்றிவிட்டால் என்ன என்று கேட்க ஆள் இருக்கிறது. பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டுமென்று மாசமாக இருக்கும் பெண்ணுக்குப் பாலில் குங்குமப்பூ கலந்து கொடுக்கும் ஊர் இது. கருவிலேயே மரபணுவைத் திருத்தக் கடை திறந்தால் முதல் வரிசை நோயாளிகளின் வரிசையாக இருக்காது என்பதே என் பயம். காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்து மீன் விற்கிற அக்காக்களின் கறுப்பு, உடம்பு அவர்களுக்குக் கொடுத்திருக்கிற பாதுகாப்பு. அது நோயில்லை. அதற்கு மருந்து வேண்டியதில்லை.

மரபணுவை வெட்டும் கத்தரி எங்கிருந்து வந்தது?

உப்பளத்திலிருந்து. ஸ்பெயின் நாட்டின் அலிகாண்டே கடலோரத்தில் சாந்தா போலா என்ற ஊர். அங்கே உப்புப் பாத்திகளில் வாழும் நுண்ணுயிரின் டி.என்.ஏ.வில் ஒரே மாதிரியான எழுத்துகள் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதை பிரான்சிஸ்கோ மொஹிகா என்ற இளைஞர் 1990களின் தொடக்கத்தில் கவனித்தார். வைரஸ் தாக்கினால் அடையாளம் வைத்துக்கொண்டு அதை வெட்டி எறிய அந்த உயிர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு அது என்பது பிறகு தெரிந்தது. அதையே நமக்கு வேண்டிய இடத்தில் வெட்டும் கருவியாக 2012-ல் மாற்றியவர்கள் ஜெனிஃபர் டௌட்னா, எமானுவேல் ஷார்பான்டியே. 2020-ல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்று உலகம் முழுக்க கிரிஸ்பர் என்று சொல்வது இதைத்தான்.

வேலூருக்குப் போன இரத்தம்

1986 பிப்ரவரி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன். அவரிடம் மேற்படிப்பு படித்த மாணவி செல்லப்பன் நிர்மலா. எய்ட்ஸ் அமெரிக்காவில்தான், நம் ஊருக்கு வராது என்று எல்லோரும் நம்பிய நாள்கள். போலீஸ் பிடித்துக் காப்பகத்தில் வைத்திருந்த பெண்களிடம் நிர்மலா இரத்தம் எடுத்தார். சோதிக்கும் வசதி சென்னையில் கிடையாது. மாதிரிகளைப் பெட்டியில் வைத்து ரயிலேறி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்கு முதல் சான்று அதுதான்.

மாபெரும் கண்டுபிடிப்பு. அதனால் பிழைத்த உயிர்கள் எண்ணிலடங்கா. அதே கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. எதற்காக இரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்து நிர்மலாவே பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். அன்றைக்கு அப்படித்தான் நடந்தது. கேட்க வேண்டும் என்ற வழக்கமே வேரூன்றாத காலம். இந்தப் பக்கத்தில் இனி வரும் செய்திகளையெல்லாம் அந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துப் படியுங்கள்: உடம்பு யாருடையதோ, அவரைக் கேட்டார்களா?

அதே வேலூர், அதே வைரஸ்

38 ஆண்டுகள் கழித்து அதே சி.எம்.சி. 2024 டிசம்பரில் வேறொரு செய்தி சொன்னது. ஹீமோபிலியா ஏ என்ற இரத்தம் உறையாத நோய் கடுமையாக உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை கொடுத்து, ஐந்து பேருக்குமே இரத்தக் கசிவு நின்றுவிட்டது. ஐவரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதம். அதில் ஒரு கசிவுகூட இல்லை. டாக்டர் அலோக் ஸ்ரீவத்ஸவா குழுவின் இந்த ஆய்வு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது.

இந்த நோய் எப்படிப்பட்டது? மீன் முள் குத்தினால் உயிர் போய்விடும் என்று வெளியில் நினைப்பார்கள். அப்படி இல்லை. சத்தமில்லாமல் உள்ளே கசிவதுதான் இதன் கொடுமை. வலை இழுத்த கையின் முட்டியில், படகிலிருந்து குதித்த காலின் மூட்டில் இரத்தம் தேங்கும். வீங்கும். சில வருடங்களில் மூட்டு தேய்ந்து கால் மடங்காமல் போகும். ஃபேக்டர் எட்டு என்ற ஊசியை வாழ்நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வேலூரில் செய்தது இது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மூல செல்களை மருந்து கொடுத்து இரத்தத்துக்கு வரவழைத்து, எந்திரத்தில் ஓட்டிப் பிரித்தெடுத்தார்கள். ஃபேக்டர் எட்டைச் செய்யும் மரபணுவை ஆய்வகத்தில் அந்த செல்களுக்குள் ஏற்றினார்கள். பிறகு கடுமையான மருந்தால் மஜ்ஜையில் இடம் காலி செய்து, திருத்திய செல்களை அதே ஆளின் உடம்புக்குள் திருப்பி விட்டார்கள். மரபணுவைச் சுமந்துபோன வண்டி எது தெரியுமா? எச்.ஐ.வி. குடும்பத்து வைரஸ்தான், பல் பிடுங்கிய பாம்பாக. 1980களில் சுத்தம் செய்யாத இரத்தப் பொருள்களை ஏற்றிக்கொண்டதால் உலகமெங்கும் ஹீமோபிலியாக்காரர்கள் ஆயிரக்கணக்கில் எச்.ஐ.வி.க்குப் பலியானார்கள். அவர்களைக் கொன்ற வைரஸின் எலும்புக்கூடே இன்று அவர்களுக்கு மருந்தைச் சுமக்கிறது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு நெடுநேரம் வேறெதுவும் ஓடவில்லை.

அந்த ஐந்து பேரும் வயது வந்தவர்கள். ஆபத்தைச் சொல்லி, காகிதத்தில் கையெழுத்து வாங்கி, பிறகே சிகிச்சை. திருத்தம் அவர்கள் இரத்த செல்களோடு முடிகிறது. பிள்ளைகளுக்குப் போகாது.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2019-ல் வெளியிட்ட மரபணு சிகிச்சை வழிகாட்டியில் தெளிவாக இருக்கிறது. உயிரோடு இருக்கும் ஒருவரின் உடல் செல்லைத் திருத்தலாம், அனுமதியோடு. விந்தணு, கருமுட்டை, கரு ஆகியவற்றைத் திருத்திப் பிள்ளை பெறக் கூடாது. ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்காக வைத்திருக்கும் கருவையும் 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது. காரணம் எளிது. உடல் செல்லில் தப்பு நடந்தால் ஒருவருக்கு. கருவில் தப்பு நடந்தால் அவர் பிள்ளைக்கு, பேரனுக்கு, கொள்ளுப்பேத்திக்கு.

கோடு மீறிய ஒருவர்

2018 நவம்பரில் சீனாவின் ஷென்ஷென் நகரத்து விஞ்ஞானி ஹே ஜியான்குய், கருவில் மரபணு திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். அப்பாவுக்கு எச்.ஐ.வி.; பிள்ளைகளுக்கு அது ஒட்டாதபடி சி.சி.ஆர்.5 என்ற மரபணுவை வெட்டினேன் என்றார். உலகமே அதிர்ந்தது. 2019 டிசம்பரில் நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது.

சென்னைக்காரர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்பாவுக்கு எச்.ஐ.வி. இருந்தாலும் பிள்ளைக்கு வராமல் தடுக்க மரபணுவைத் தொடவே வேண்டியதில்லை. விந்தைச் சுத்தம் செய்யும் முறை இருக்கிறது. வைரஸை அடக்கும் மாத்திரை இருக்கிறது. தாம்பரம் சானடோரியம் அரசு ஆஸ்பத்திரியில் 2004-லிருந்து அந்த மாத்திரையை இலவசமாகவே கொடுக்கிறார்கள். தேவையே இல்லாத இடத்தில் கத்தரி வைத்தார் அந்த மனிதர். வெட்டு சரியாகவும் விழவில்லை. எச்.ஐ.வி. ஒட்டாதபடி இயற்கையில் சிலருக்கு இருக்கும் மாற்றத்தை அவரால் அப்படியே கொண்டுவர முடியவில்லை. அந்தக் குழந்தைகள் இன்று பள்ளி போகும் வயதில் இருப்பார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது.

அதற்கு மூன்று வருடம் முன்பு, 2015-ல், குவாங்சோ நகரில் பிள்ளையாக வளர வாய்ப்பில்லாத 86 கருக்களில் இதே கத்தரியைச் சோதித்திருந்தார்கள். பிழைத்தவை 71. சோதித்துப் பார்த்தவை 54. அவற்றில் வெட்டு சரியான இடத்தில் விழுந்தவை 28 மட்டும். சில கருக்களில் வேண்டாத இடங்களிலும் வெட்டு விழுந்திருந்தது. அந்தக் கணக்கு தெரிந்த பிறகும் ஒருவர் துணிந்தார் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

காது கேளாமை, கடலோரம்

“சொந்தத்துல குடுத்தா பொண்ணு கண்ணெதிர்ல இருக்கும்” என்பது குப்பத்தில் மட்டும் கேட்கும் பேச்சில்லை. மயிலாப்பூரிலும் மதுரையிலும் அதே பேச்சுதான். தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நாலில் ஒரு திருமணத்துக்கும் மேல் இரத்த உறவுக்குள் நடக்கிறது. தாய்மாமனைக் கட்டுவதும் உண்டு. 1955-ன் இந்து திருமணச் சட்டம் மாமன், அக்கா மகள் திருமணத்தைத் தடுக்கிறது. ஆனால் வழக்கம் இருந்தால் விலக்கு என்று வழியும் விடுகிறது. மாமனும் அக்கா மகளும் மரபணுவில் கால் பங்கைப் பகிர்கிறவர்கள். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு ஒரே முன்னோரின் ஒரே மரபணுப் பிரதி இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர எட்டில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்றால் பதினாறில் ஒன்று. அந்தப் பிரதியில் கோளாறு இருந்தால் மறைந்து கிடந்த நோய் வெளியே வரும். பிறவிக் காது கேளாமை அப்படி வரும் நோய்களில் முக்கியமானது.

ஜி.ஜே.பி.2 என்ற மரபணு இதில் பெரும் பங்கு வகிக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஸ்ரீகுமாரி ஸ்ரீசைலபதி குழுவினர், காது கேளாதவரும் காது கேளாதவரும் கல்யாணம் செய்துகொண்ட தென்னிந்தியக் குடும்பங்களில் இந்த மரபணுவை ஆராய்ந்திருக்கிறார்கள். காது கேளாத கணவன், மனைவி இருவருக்கும் இந்த ஒரே மரபணுவின் கோளாறுதான் காரணம் என்றால் பிறக்கும் பிள்ளைகள் எல்லோருக்குமே காது கேட்காது.

இன்று நம் ஊரில் இதற்குக் கை கொடுப்பது காக்ளியர் கருவி. நொச்சிக்குப்பத்திலிருந்து ஆட்டோ தூரத்தில் ராஜா அண்ணாமலைபுரத்தில் டாக்டர் மோகன் காமேஸ்வரனின் காது மூக்கு தொண்டை மருத்துவமனை இதில் நாட்டுக்கே முன்னோடிகளில் ஒன்று. 2009-ல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு ஏழைக் குழந்தைகளுக்கும் இந்த அறுவை சிகிச்சை செலவில்லாமல் கிடைத்தது. இது சாதாரண விஷயமில்லை.

ஆனால் ஆபரேஷனோடு வேலை முடிவதில்லை. உள்ளே வைத்தது உள்ளே இருக்கும். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வெளியே இருக்கிறது. கடலோரக் காற்றில் உப்பும் ஈரமும். விளையாடி வந்தால் வியர்வை. ராத்திரி படுக்கும்போது கழற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிறு உருண்டைகள் போட்ட டப்பாவுக்குள் வைத்து மூட வேண்டும். உருண்டையின் நிறம் மாறினால் புதிது போட வேண்டும். ஒயர் அறுந்தால், பேட்டரி போனால் காசு. பேச்சுப் பயிற்சிக்கு வாரம் தவறாமல் அழைத்துப் போக வேண்டும். மீன் விற்கப் போகும் அம்மா அன்றைக்கு வியாபாரத்தை விட்டுத்தான் போக வேண்டும். இலவசம் என்று ஒரு சொல்லில் முடிந்துபோகிற கணக்கில்லை இது.

இந்த இடத்தில்தான் மரபணு சிகிச்சை இரண்டு வழியில் வந்து நிற்கிறது. 2024 ஜனவரியில் ஷாங்காய் ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவர்கள், ஓட்டோஃப் என்ற வேறொரு மரபணுவில் கோளாறுள்ள ஆறு குழந்தைகளின் உட்செவியில் சரியான மரபணுவை ஊசியால் செலுத்தினார்கள் என்று ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். ஆறில் ஐந்து குழந்தைகளுக்குக் காது கேட்டது. பிறந்துவிட்ட குழந்தை, நோய் உள்ள இடம் காது, மருந்தும் காதோடு நிற்கிறது.

இன்னொரு வழி மாஸ்கோவில். 2019-ல் டெனிஸ் ரெப்ரிகோவ் என்ற விஞ்ஞானி, காது கேளாத தம்பதிகளின் கருவில் ஜி.ஜே.பி.2 மரபணுவைத் திருத்திப் பிள்ளை பெற வைக்கப் போகிறேன் என்றார். காலம் வரவில்லை என்று ரஷ்ய சுகாதார அமைச்சகம் சொல்லிவிட்டது. நல்ல வேளை. காது கேளாமை உயிரைக் கொல்லும் நோயில்லை. சைகை மொழியில் வாழ்கிறவர்கள் பலர் தங்களைக் குறைப்பட்டவர்களாக நினைப்பதும் இல்லை. மயிலாப்பூர் கிளார்க் பள்ளி வாசலிலோ அடையாறு செயின்ட் லூயிஸ் பள்ளி வாசலிலோ மணி அடித்த பிறகு நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் பேசும். முதல் வழிக்கு என் முழு ஆதரவு. இரண்டாவதற்கு இல்லை.

மயக்க மருந்து கொடுக்கும் முன்

நம் நாட்டு மயக்க மருந்து நிபுணர்கள் சிலர் நோயாளியின் சமூகத்தையும் விசாரிப்பதுண்டு. வைசியச் சமூகத்தில் சிலருக்கு ஒரு நொதி குறைவு. தசையைத் தளர்த்தும் ஒரு மருந்து சில நிமிடத்தில் இறங்குவதற்குப் பதில் மணிக்கணக்கில் நிற்கும், மூச்சு திரும்பாது. தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்ததன் விளைவு. சி.சி.எம்.பி.யின் குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் முதலியோர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவில் பார்த்த 263 சமூகங்களில் 81 சமூகங்களுக்கு இப்படிப்பட்ட குறுகிய மரபு இருந்தது. கத்தரி வேண்டாத, கேள்வி ஒன்றால் தவிர்க்கக்கூடிய ஆபத்து இது.

நூறில் நாலு பேர்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெருந்துறை தண்டபாணி, தங்கராஜ் குழுவினர் 2009-ல் இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இதய நோயோடு தொடர்புடையது என்று காட்டினார்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் நூறில் சுமார் நாலு பேரிடம் இது உண்டு. வயதான பிறகு இதயம் தளர்வதற்கு வாய்ப்பு கூடும். ஆனால் இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. கருவிலேயே பார்த்துத் திருத்து என்று கிளம்பினால் கோடிக்கணக்கானவர்களைப் பிறக்கும் முன்பே குறையுள்ளவர்கள் என்று முத்திரை குத்தியதாகும்.

நீலகிரியில் அரிவாள்

1952-ல் நீலகிரி மலைவாழ் மக்களிடம் அரிவாள் செல் மாற்றம் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் பதிவு செய்தார்கள். இந்தியாவில் முதல் பதிவுகளில் ஒன்று. இரண்டு பிரதியும் மாறியிருந்தால் உயிரை வாட்டும் சோகை. ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால் மலேரியா கொல்வது குறைகிறது. மலைக்காட்டில் தலைமுறைகளைக் காப்பாற்றிய எழுத்தும் இதுதான், பிள்ளைகளை வாட்டும் எழுத்தும் இதுதான்.

இந்நோய்க்கான முதல் கிரிஸ்பர் மருந்துக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். இந்தியாவில் டெல்லி ஐ.ஜி.ஐ.பி. ஆய்வகம் சொந்தமாக ஒரு கிரிஸ்பர் சிகிச்சை முறையை உருவாக்கி, 2025 நவம்பரில் பிர்சா 101 என்று பெயர் சூட்டியது. பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயர். பெயர் அவர்களுடையது, மருந்தும் அவர்கள் கைக்கு எட்டும் விலையில் வந்து சேர வேண்டும். மருந்து வரும்வரை அரசு கொடுப்பது பரிசோதனை அட்டை. கல்யாணம் பேசும்போது அட்டையைப் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். அந்த அட்டை ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தும் காகிதமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அதோடு சேர்ந்தது.

முட்டை யாருடையது?

கருவைத் திருத்தும் ஆராய்ச்சிக்குக் கரு வேண்டும். கருவுக்குக் கருமுட்டை வேண்டும். கருமுட்டை யாரிடமிருந்து வரும்? 2022 ஜூனில் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டைகளை வயதை மாற்றிக் காட்டிய ஆதாரோடு திரும்பத் திரும்ப விற்ற வழக்கு வெளிவந்தது. பெற்ற தாயே கைதானார். 2021-ன் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் கருமுட்டை கொடுக்கும் பெண்ணுக்கு 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, விற்கக் கூடாது என்கிறது. சட்டம் வந்த பிறகு வெளிவந்த வழக்கு அது.

எர்ணாவூர் நினைவிருக்கிறதா? 2004 சுனாமியில் வீடும் படகும் போன வடசென்னை மீனவக் குடும்பங்களை அங்கே தற்காலிகக் குடியிருப்பில் வைத்திருந்தார்கள். 2007 ஜனவரியில் அங்கிருந்த பெண்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்றதாகச் சொன்னார்கள். வயிற்றில் தழும்பைக் காட்டினார்கள். உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்தாயிற்று. அதே சுனாமி நொச்சிக்குப்பத்துக்கும் வந்தது; அதே கடன் இங்கும் உண்டு. புதிய மருத்துவம் எது வந்தாலும் கொடுக்கும் உடம்பு ஒரு தெருவிலும் வாங்கும் உடம்பு இன்னொரு தெருவிலும் இருந்துவிடுகிறது. மரபணு சிகிச்சையில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சுனாமியில் மரபணு செய்த நல்லது

இலங்கை கல்முனையில் இடிபாடுகளுக்கு நடுவே உயிரோடு கிடைத்த கைக்குழந்தையை ஆஸ்பத்திரியில் 81-ம் எண்ணாகப் பதிந்தார்கள். உரிமை கோரிப் பலர் வந்ததாகச் செய்திகள் பரவின. 2005 பிப்ரவரியில் நீதிமன்றம் கேட்ட டி.என்.ஏ. பரிசோதனையில் உண்மைப் பெற்றோர் தெரிந்து, குழந்தை அம்மா கைக்குப் போய்ச் சேர்ந்தது.

தேர்ந்தெடுப்பது நமக்குப் புதிதல்ல

பெண் குழந்தை வேண்டாமென்று கொன்ற ஊர்களுக்காக 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. ஸ்கேன் வந்ததும் கொலை கருவுக்கு மாறியது. கருவின் பாலினம் பார்த்துச் சொல்வதைத் தடுத்து 1994-ல் சட்டம், 2003-ல் கருத்தரிக்கும் முன்பே பாலினம் தேர்வதையும் தடுத்துத் திருத்தம். நாடு முழுக்க ஸ்கேன் சென்டர்களில் இதைச் சொல்லித் தொங்கும் பலகையின் பின்னால் இத்தனை கதை. கருவைத் திருத்தும் வசதியைத் தேவையுள்ளவர்கள் மட்டுமே பயன்படுத்துவார்கள் என்று யாராவது சொன்னால் இந்தப் பலகையைக் காட்டுங்கள்.

மூன்று பேரின் டி.என்.ஏ.

பிரிட்டனில் 2015-ல் அனுமதித்த முறை இது. தாயின் கருமுட்டையில் உள்ள மைட்டோகாண்ட்ரியா பழுதானால், பெற்றோரின் உட்கருவை நல்ல மைட்டோகாண்ட்ரியா உள்ள இன்னொரு பெண்ணின் முட்டைக்குள் மாற்றிவைப்பது. இப்படி எட்டுக் குழந்தைகள் பிறந்ததாக நியூகாசில் மருத்துவர்கள் 2025 ஜூலையில் தெரிவித்தார்கள்.

ஒரே ஒரு குழந்தைக்கு ஒரு மருந்து

பிலடெல்ஃபியாவில் அம்மோனியாவை உடம்பு வெளியேற்ற முடியாத அரிய நோயோடு ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையின் அந்த ஒரு எழுத்தைத் திருத்தவே ஆறு மாதத்தில் மருந்து செய்து 2025 பிப்ரவரியில் செலுத்தினார்கள், கிரண் முசுனுரு, ரெபெக்கா ஆரென்ஸ்-நிக்லாஸ் குழுவினர். குழந்தை தேறியது. அந்த ஒரு குழந்தைக்காகவே செய்த மருந்து அது.

நம் பக்கம்? 2021-ல் நாமக்கல் மாவட்டத்தில் தண்டுவடத் தசைச் சிதைவு நோய் வந்த குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசியை ஊர் ஊராக மக்கள் பணம் போட்டு வாங்கினார்கள். இறக்குமதி வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்தது. அரிய நோய்களுக்கு மத்திய அரசின் திட்டம் தருவது 50 லட்சம் வரை. 50 லட்சத்துக்கும் 16 கோடிக்கும் இடையில் நிற்கும் பெற்றோர் செல்போனில் படம் போட்டுப் பிச்சை கேட்கும் நிலையை எப்படி ஏற்பது?

ஊர்க்கூட்டத்தில் வைக்கலாமே

2022 செப்டம்பரில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே 21 பேரைக் கூட்டி, கருவைத் திருத்த அனுமதிக்கலாமா என்று நான்கு நாள் விவாதிக்க வைத்தார்கள். எல்லோரும் மரபு நோயோடு வாழ்ந்த அனுபவம் உள்ளவர்கள், விஞ்ஞானிகள் அல்ல. பெரும்பான்மையோர் கடும் நோய்க்கு, கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கலாம் என்றார்கள். என் கருத்து வேறு. ஆனாலும் நோயோடு வாழ்கிறவர்களை உட்கார வைத்துக் கேட்டது சரியான காரியம். அவர்கள் சொன்னதை நான் எளிதில் தள்ளவும் மாட்டேன். நொச்சிக்குப்பத்தில், நடுக்குப்பத்தில், சீனிவாசபுரத்தில் எந்தப் பெரிய விஷயத்துக்கும் பஞ்சாயத்தார் ஊரைக் கூட்டும் வழக்கம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் லூப் ரோட்டுக் கடைகளை அகற்ற அதிகாரிகள் வந்தபோது ஊரே வீதிக்கு வந்தது. பிள்ளைகளின் உடம்பு பற்றிய பேச்சுக்கும் அந்தக் கூட்டத்தில் இடம் கொடுக்கலாம்.

இரத்தம் எடுக்க வந்தால்

இந்தியர்கள் பத்தாயிரம் பேரின் மரபணு வரிசையைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது; அது ஃபரிதாபாத்தில் சேமிப்பில் இருக்கிறது. இனி இப்படி இரத்த மாதிரி கேட்டு வருபவர்கள் கூடுவார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் பழங்குடிகளிடம் நீரிழிவு ஆராய்ச்சி என்று எடுத்த இரத்தத்தை அவர்களைக் கேட்காமல் வேறு ஆராய்ச்சிகளுக்கும் பயன்படுத்தினார்கள். வழக்கு நடந்து 2010-ல் இரத்தம் எடுத்த பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்ச இரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது.

நம் ஊரில் 2017-ன் ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. எதற்கு எடுக்கிறார்கள், எங்கே வைப்பார்கள், பிறகு வேறு ஆராய்ச்சிக்குத் தருவார்களா என்பதைத் தமிழில், உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்ட வேண்டும். ஆராய்ச்சியைச் சேராத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட தாளின் நகல் உங்களுக்கு வர வேண்டும். அதில் நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் இருக்க வேண்டும். முடியாது என்று சொன்னாலும், பாதியில் விலகினாலும், ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கிடைக்கும் வைத்தியத்தை யாரும் நிறுத்தக் கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் கையை நீட்டாதீர்கள்.